மருந்தடித்த தெருவில் பறவைச் சத்தம்

காது மிஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்துவிட்டு, பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு நின்றபோது, வீட்டில் ஏதோ ஒரு சாமான் காணாமல் போனதுபோல இருந்தது. எந்தச் சாமான் என்றுதான் பிடிபடவில்லை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டது. தூங்கும்போது கழற்றி வைக்கும் இரண்டு மிஷின்களையும் எழுந்ததும் காதில் மாட்டுவாள். மாட்டிய அந்த நொடியில் தெருமரங்களில் இருக்கும் அத்தனை பறவைகளும் ஒன்றாக அவள் மண்டைக்குள் இறங்கும். மைனா, குருவி, காக்கை, எது எதன் குரல் என்று பிரிக்க முடியாத ஒரே இரைச்சல். "சந்தைக்கடை" என்று திட்டிக்கொண்டே ஒலியைக் குறைப்பாள்.

இன்று குறைக்க ஒன்றுமில்லை.

பேட்டரியை மாற்றிப் பார்த்தாள். குழாய் சொட்டுவது கேட்டது. ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்டது. உள்ளறையில் கணவன் புரண்டு படுத்ததும், கட்டில் முனகியதும், பக்கத்தில் பாப்பா மூக்கை உறிஞ்சியதும்கூடக் கேட்டன. எல்லாம் இருந்தது. அது ஒன்றுதான் இல்லை.

மொட்டை மாடிக்கு ஏறினாள். கதவைத் திறந்ததும் முந்தைய நாள் அடித்த மருந்தின் வாடை இன்னும் போகாமல் முகத்தில் வந்து ஒட்டியது. மண்ணெண்ணெய் போல ஒரு காட்டம், அதற்கு அடியில் அழுகப்போகும் பழத்தின் தித்திப்பு. தரை முழுக்க இலை உதிர்ந்து கிடந்தது. காற்று வீசியது. கொடியில் இருந்த துணிகள் எழும்பி அடங்கின. இலைகள் அசையவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள்.

குருவிகள். மைனாக்கள். தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக ஒரு காக்கை. ரத்தம் இல்லை, காயம் இல்லை, இறகுகூடக் கலையவில்லை. எல்லாமே அலகை அகலத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தன, கத்திக்கொண்டிருந்தபோது யாரோ சத்தத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனதுபோல.

அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயும் வாடை மேலே வரும்வரை அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

*

மருந்து அடிக்கச் சொன்னதே அந்தத் தெருக்காரர்கள்தான். மழைக்குப் பிறகு மரங்களில் கம்பளிப்பூச்சி அப்பிக்கிடந்தது. துணியில் ஏறியது, படுக்கையில் ஏறியது. பாப்பா கழுத்து தடித்து வீங்கி, இரண்டாம் வகுப்புக்குப் போகாமல் வீட்டில் கிடந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் ஒரு வேலையைப் பிடித்தால் விடமாட்டான். நகராட்சி ஆபீசுக்குத் தினமும் போன் போட்டு, அங்கிருந்தவர்கள் இவன் குரலைக் கேட்டாலே பெருமூச்சு விடும் அளவுக்குத் தொந்தரவு செய்து, வண்டியை வரவழைத்தவன் அவன்தான். வண்டி விடிகாலையில் வந்து, தடித்த குழாயை வானத்துக்குத் தூக்கி வெண்புகையாக மருந்தை வீசியபோது ஜன்னல்களில் நின்று பலர் கைதட்டினார்கள்.

இன்று அதே ஜன்னல்களில் இருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். தெருவெல்லாம் பறவைகள் செத்துக் கிடந்தன. எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றார். முனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒரு மைனாவைக் குச்சியால் புரட்டிப் பார்த்தார்.

"என் கடையில காலாவதியானதை அள்ளிக் குடிச்சாகூட இப்படி ஆகாது," என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"நாமதானே கேட்டோம்," என்றார் டீச்சர்.

"பூச்சிக்குத்தானே கேட்டோம் டீச்சர். இதுக்கா கேட்டோம்?" கணவனின் முகம் வெளுத்திருந்தது. அவனே மண்வெட்டி எடுத்து வந்தான். சாக்குகளில் அள்ளி, தெருக்கோடியில் இருந்த காலி மனையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். மண்ணைத் தள்ளும்போது அவன் கண்ணைத் துடைத்ததை அவள் பார்த்தாள்; பார்க்காததுபோல இருந்துகொண்டாள்.

மத்தியானம் சுகாதார ஆய்வாளர் வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வெயிலில் நின்று எல்லோரும் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"அளவா கலந்துதாங்க அடிக்கிறோம். மனுஷங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப இதுங்களுக்கு?"

"வேற ஏதாவது நோயா இருக்கலாம். ஒண்ணை எடுத்துட்டுப் போய்ப் பரிசோதனைக்குக் குடுக்கறேன்." புதைக்காமல் வைத்திருந்த ஒரு குருவியை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டார். போகும்போது, பூச்சி முட்டை பொரிப்பதற்குள் இன்னொரு தடவை அடித்தாக வேண்டும் என்றும் சொன்னார்.

*

அதற்குப் பிறகு வந்த நாட்களில் தெருவில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. சாவு வீட்டுக்குள் பேசுவதுபோலப் பேசினார்கள். அவளுக்குத்தான் அது நன்றாகத் தெரிந்தது. எப்போதும் குறைத்தே வைத்திருந்த மிஷினை இப்போது முழுக்கக் கூட்டி வைத்தாலும் இலைகள் உரசுவதும், எங்கோ ஒரு கதவு மூடுவதும், அதற்கு அப்பால் பருத்தி அடைத்ததுபோன்ற ஒரு வெறுமையும்தான் வந்தன. சின்ன வயதில் மிஷின் வாங்கித் தருவதற்கு முன்னால் அவள் இருந்த இடம் அது. அங்கே திரும்பிப் போக அவளுக்குப் பயம்.

"தூக்கமே வரலம்மா," என்றார் டீச்சர். "சத்தம் இல்லாம, விடிஞ்சுதா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது."

மருந்துக்கடைக்காரர் மொட்டை மாடியில் தானியம் இறைத்து வைத்தார். எறும்புதான் வந்தது. கணவன் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பான். கடைசியில் அவனே எல்லோரையும் கூட்டினான். இரண்டாவது தடவை அடிக்க விடக்கூடாது, எல்லோரும் சேர்ந்து நகராட்சி ஆபீசுக்குப் போய் வாசலில் உட்கார்ந்துவிட வேண்டும் என்றான். எல்லோரும் சரி என்றார்கள்.

போக வேண்டிய அன்று காலையில் அவள் மிஷினை மாட்டியதும் பறவைகள் மண்டைக்குள் இறங்கின.

அவள் அழுதேவிட்டாள். மைனா. குருவி. நடுநடுவே காக்கை. எப்போதும் இருந்ததைவிடக் கிட்டத்தில், அறைக்குள்ளேயே இருப்பதுபோல. முகம் கழுவிக்கொண்டு அவள் வெளியே வருவதற்குள் ஓய்ந்துவிட்டது. கணவன் பால்கனியில் இருந்து உள்ளே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டியா? வந்துடுச்சு எல்லாம்!" குரல் கம்மியிருந்தது. அழுதிருப்பான் என்று நினைத்தாள்.

தெருவே வெளியே நின்றது. அரைத் தூக்கத்தில் கேட்டதாகத்தான் எல்லோரும் சொன்னார்கள். "எவ்வளவு கிட்ட! காதுக்குள்ள கூடு கட்டின மாதிரி," என்றார் டீச்சர்.

அவள் நிமிர்ந்து மரங்களைப் பார்த்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. காது கைவிட்டதையெல்லாம் சேர்த்துப் பார்க்கப் பழகிய கண். ஒவ்வொரு கிளையாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"யாராவது கண்ணால பாத்தீங்களா?"

"இலைக்குள்ள இருக்கும்மா," என்றார் மருந்துக்கடைக்காரர்.

ஆபீசுக்குப் போகும் பேச்சு அத்தோடு நின்றது. யார் நிறுத்தியது என்று சொல்ல முடியாது. ஒருவர் வேலைக்குக் கிளம்பினார், இன்னொருவர் குளிக்கப் போனார். கணவன் பாப்பாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தான்.

*

தினமும் விடிகாலையில் சத்தம் வந்தது. வெளிச்சம் வந்ததும் நின்றது.

மிஷினில் கேட்பவர்களுக்குத் திசை சரியாகப் பிடிபடாது. எது மேலிருந்து, எது பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. அதனால் அவள் முதலில் தன்னைத்தான் சந்தேகித்தாள். ஆனால் மரத்தடியில் நிறுத்திய வண்டிகளின் மேல் ஒரு எச்சம் இல்லை. கொடியில் காய்ந்த துணிகள் சுத்தமாக இருந்தன. தானியம் அப்படியே கிடந்து மழையில் முளைவிட்டிருந்தது.

எல்லோருக்கும் தொண்டை கட்டியிருந்தது. டீச்சர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த முடியாமல் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறாராம். மருந்துக்கடையில் தொண்டை மாத்திரை தீர்ந்துபோனது. "சளி சீசன்," என்று கடைக்காரர் கிசுகிசுத்தார். அதற்கு மேல் அவருக்குக் குரல் எழும்பவில்லை. கணவன் பேசினால் தகரத்தை உரசியதுபோல இருந்தது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். கொப்பளித்துத் துப்பினான். தண்ணீரோடு ஏதோ சாம்பல் நிறமாக, நார்நாராக வந்தது. அவன் குழாயைத் திறந்துவிட்டான். அது போய்விட்டது.

பிறகு ஒரு நாள் விடிவதற்குச் சற்று முன்னால் அவளுக்குத் தானாகவே விழிப்பு வந்தது.

காதில் மிஷின் இல்லை. உலகம் ஊமையாக இருந்தது. பக்கத்தில் பாப்பா சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்கு அப்பால் படுக்கை காலி. பால்கனிக் கதவு திறந்து, திரைச்சீலை மெல்ல உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. சாம்பல் வெளிச்சத்தில் அவன் முதுகு தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். தண்ணீர் குடிக்க எழுந்திருப்பான் என்று எண்ணி அவள் கிட்டத்தில் போனாள். பக்கவாட்டில் அவன் முகம் தெரிந்தது.

வாய் திறந்திருந்தது. கொட்டாவி விடுவதைப்போல அல்ல. தாடை கழன்றுவிடும் அளவுக்கு. உதடு அசையவில்லை, நாக்கு அசையவில்லை. தொண்டை மட்டும் துடித்தது. தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று, கைப்பிடி அளவுக்கு, வேகவேகமாக எழும்பி அடங்கி எழும்பியது.

அவள் பின்னால் நகர்ந்தாள். மேசையைத் தடவி மிஷினை எடுத்தாள். இரண்டு முறை தவறி, காதில் மாட்டினாள்.

மைனா.

அவன் வாயிலிருந்து மைனா கத்திக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் டீச்சர், நைட்டியில், வாயை வானத்துக்குத் திறந்துகொண்டு. அங்கிருந்து குருவிகள். ஒன்றல்ல, ஒரு கூட்டமே. தெரு நெடுகிலும் இருட்டாக நின்ற ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும்.

"என்னங்க," என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. "என்னங்க!"

அவன் வாய் மூடியது. தலையை மட்டும் திருப்பினான். நேராகப் பார்க்கவில்லை. முகத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு கண்ணால், இமைக்காமல் அவளைப் பார்த்தான். அந்தக் கண்ணில் அவளை அடையாளம் கண்டதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

சூரியன் வந்ததும் சத்தம் நின்றது. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

"ஏன் இப்படி நிக்கிற? பேயைப் பாத்த மாதிரி," என்று கம்மிய குரலில் கேட்டான்.

*

சொன்னாள். அவன் சிரித்தான். பிறகு அவள் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்தக் கை அவனுடைய கைதான், எண்ணெய்க் கறை போகாத அதே விரல்கள். டீச்சரிடம் போனாள். "எத்தனை நாளைக்கு அப்புறம் நிம்மதியா தூங்கறேன். அதைக் கெடுக்காதம்மா," என்றார் டீச்சர் மெதுவாக.

கடையில் லென்ஸின் ஓரம் உடைந்துகொண்டே இருந்தது. முதலாளி அவளைப் போய் உட்காரச் சொன்னார். பின்கட்டில் நின்று சுகாதார ஆய்வாளருக்குப் போன் செய்தாள். மிஷினோடு போனில் பேசுவது எப்போதுமே சிரமம். வார்த்தைகள் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தன.

"அந்தக் குருவி... பரிசோதனைக்குக் குடுத்தீங்களே சார்."

"ஆமாம்மா, சொல்லிட்டாங்க. மருந்து எதுவும் தெரியலையாம். தொண்டைதான் இல்லையாம்."

"தொண்டையில என்ன இல்ல?"

"தொண்டையே இல்லம்மா. திறந்து பாத்தா அந்த இடம் காலியா இருந்துச்சாம். எறும்பு ஏதாவது தின்னிருக்கும்." அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். "அதான் பறவையெல்லாம் திரும்பி வந்துடுச்சுன்னு உங்க வீட்டுக்காரரே சொன்னாரே. நாளைக்கு விடிகாலையில ரெண்டாவது தடவை வண்டி வரும். ஜன்னலை மூடி வச்சிருங்க."

வீட்டுக்கு வந்ததும் பையில் துணி அடுக்கினாள். அக்கா வீடு பக்கத்து ஊரில்தான். நாளைக் காலை முதல் பஸ். கணவன் எதற்கு என்று கேட்கவில்லை. "போயிட்டு வாங்க," என்றான், அவளைப் பார்க்காமல். பிறகு அவனையும் அங்கே வரவழைக்க வேண்டும். அக்கா புருஷன் கூப்பிட்டால் வருவான், ஆஸ்பத்திரிக்குக் காட்டலாம். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே சாப்பாடு போட்டாள்.

அவன் டம்ளரை எடுத்தான். ஒரு வாய் தண்ணீரை அள்ளினான். தலையை நிமிர்த்தி, கூரையைப் பார்த்து, விழுங்கினான். குனிந்தான். இன்னொரு வாய். நிமிர்ந்தான். விழுங்கினான்.

அவள் சட்டியைக் கீழே வைத்தாள்.

பக்கத்தில் பாப்பா தன் சின்ன டம்ளரை எடுத்தாள். ஒரு வாய். நிமிர்ந்தாள். கூரையைப் பார்த்தாள். விழுங்கினாள்.

"பாப்பா! ஒழுங்கா குடி."

"ஒழுங்காத்தாம்மா குடிக்கறேன்," என்றது குழந்தை. குரல் கம்மியிருந்தது.

*

தூங்கக் கூடாது என்று முடிவு செய்தாள். அப்போதே கிளம்பலாம் என்றால் வண்டி வாகனம் எதுவும் இல்லை. பாப்பாவோடு உள்ளறையில் படுத்து, கதவைத் தாழிட்டாள். மிஷினைக் கழற்றவில்லை. குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சூடான, மெலிந்த மணிக்கட்டு. அதில் நாடி மிக வேகமாக ஓடியது. அத்தனை வேகம் குழந்தைகளுக்கு இருக்குமா என்று யோசித்தாள். எண்ணிப் பார்க்க முயன்றாள். எண்ண முடியவில்லை.

எப்போது கண் அயர்ந்தாளோ.

விழித்தபோது கை காலி.

கதவு திறந்திருந்தது. படிக்கட்டில் குளிர்காற்று இறங்கி வந்தது. மேலே மாடிக் கதவு சாம்பல் நிறச் சதுரமாகத் தெரிந்தது. அதன் வழியே சத்தம் கொட்டியது. காக்கை, மைனா, குருவி. கூடவே புதிதாக ஒன்று, கூட்டுக்குள் இருக்கும் குஞ்சின் குரல், கீச்கீச்சென்று.

ஏறினாள். படியில் முழங்கால் இடித்தது. ஏறினாள்.

கைப்பிடிச் சுவரின் மேல் அவன் குந்தியிருந்தான். வெறுங்கால். தெருவைப் பார்த்து. அவனுக்குப் பக்கத்தில், அவனைப்போலவே, பாப்பா.

எதிர் மாடியில் டீச்சர். அடுத்த மாடியில் மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும். அதற்கு அடுத்த மாடியில் ஒரு குடும்பமே. தெருக்கோடி வரைக்கும், சுவரோரமாக, வரிசை வரிசையாக, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு. எல்லா வாயும் திறந்து. எல்லாத் தொண்டையும் துடித்து. மரங்கள் காலியாக நின்றன.

ஓடக் கூடாது. கத்தக் கூடாது. பாப்பா மிரண்டுவிடுவாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்துப் போனாள். கை நீட்டினாள். பாப்பாவின் கணுக்கால். பிடித்துவிட்டாள். இரண்டு கையாலும். குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை.

"பாப்பா. அம்மாடா. மெதுவா. கீழ இறங்கு."

தெருமுனையில் என்ஜின் உறுமியது.

மருந்து வண்டி. விளக்குகள் திரும்பின. குழாய் வானத்துக்கு உயர்ந்தது. முதல் புகை வெள்ளையாக எழும்பியது. அந்தத் தித்திப்பு வாடை.

சத்தம் நின்றது. எல்லா மாடியிலும். ஒரே நொடியில்.

எல்லாத் தலைகளும் பக்கவாட்டில் சாய்ந்தன. ஒரு கண். ஒரு கண். ஒரு கண்.

வண்டி ஹாரன் அடித்தது.

தெரு நெடுக எல்லோரும் ஒன்றாகக் கையை விரித்தார்கள். டீச்சர் விரித்தார். அவன் விரித்தான். பாப்பா இருந்த இடம் தவிர சுவரெல்லாம் காலியாயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு, கீழே விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

விழும் சத்தம் வரவில்லை. தலைக்கு மேலே காற்று அடித்தது, கனமாக, திரும்பத் திரும்ப, பெரிய ஈரத் துணிகளை உதறுவதுபோல.

அவள் கைக்குள் இருந்த கணுக்கால் எடை இழந்தது. பிறகு மேல்நோக்கி இழுத்தது. அவள் விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவளுடைய குதிகால் தரையை விட்டு எழுந்தது.